எழுநூறு வயது வீடும் முப்பது வயதுக் காடும்: போய்ப் பார்க்கலாமா?

லெஸ்டரில் படிக்கும் மகளைப் பார்க்க ஜூன் மாதம் இங்கிலாந்து போகிறீர்கள். கோல்வில் நகரை ஒட்டிய டானிங்டன் லெ ஹீத் என்ற சிற்றூரில் ஒரு பழைய மேனர் வீடு இருக்கிறது, அங்கே போகலாம் என்கிறாள் மகள். நீங்கள் படங்களைப் பார்த்திருக்கிறீர்கள். வீடு சிறியது. தோட்டம் நம் காலத்தில் அமைத்தது. அந்த வட்டாரத்துக் காடுகளுக்கு முப்பது வயதுதான். "அரண்மனையும் இல்லை, அடர்ந்த காடும் இல்லை என்றால் அங்கே பழமை எங்கே இருக்கிறது, ஒரு நாளைச் செலவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாமா என்பது அதில் ஒரு பாதி. போனால் எதைப் பார்ப்பது என்பது மறு பாதி. முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது: தாராளமாகப் போங்கள், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அரை நாள் போதும். மறு பாதியைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போனால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள்.

பழைய மரக் கட்டுமானங்களை ஆய்ந்து பராமரிக்கும் தொழிலில் பயிற்சி பெற்று, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். உத்தரமும் கைமரமும் என் துறை. அவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். காட்டைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி வனவியல் படித்தவர்களுடன் நடந்து, கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில் வீட்டின் அளவு. மேனர் என்பது இடைக்கால இங்கிலாந்தில் ஒரு நிலவுடைமை அலகு: நிலம், அதில் உழைத்த குடியானவர்கள், அவர்கள் வழக்குகளைத் தீர்க்கும் சிறு நீதிமன்றம், இவை அனைத்துக்கும் உரிமை கொண்ட ஒரு பிரபு. மேனர் வீடு அந்த உரிமையாளரோ அவருடைய ஆளோ தங்கிய வீடு. சிலவற்றில் செல்வம் கொழித்து மாளிகையாக வளர்ந்தது. பெரும்பாலானவை ஒரு வசதியான பண்ணை வீட்டின் அளவிலேயே நின்றுவிட்டன. டானிங்டன் லெ ஹீத் இரண்டாவது வகை. தொலைக்காட்சித் தொடர்களில் வரும் நூறு அறை மாளிகைகளை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். ஆனால் இவ்வளவு சிறிய வீடு இவ்வளவு காலம் நிற்பது அரிது. அரண்மனைகளைக் காப்பாற்ற எப்போதும் யாராவது இருந்தார்கள். இப்படிப்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டு, அவற்றின் கல்லும் மரமும் அடுத்த வீட்டுக்குப் போவதுதான் வழக்கம்.

உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். வீடு சுமார் 1290இல் கல்லால் கட்டப்பட்டது. லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில் இன்றும் நிற்கும் மிகப் பழைய வீடுகளில் ஒன்று. முக்கியமான கூடம் மேல்தளத்தில் இருந்தது; கீழ்த்தளம் சரக்கு வைக்கும் இடம். 1618இல் வீடு பெரிய அளவில் மாற்றியமைக்கப்பட்டது. அப்போது அது டிக்பி குடும்பத்தின் கையில் இருந்தது. 1605 நவம்பர் 5ஆம் தேதி நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கத் திட்டமிட்டவர்களில் ஒருவராக 1606 ஜனவரியில் தூக்கிலிடப்பட்ட சர் எவரார்ட் டிக்பி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் வீடு சாதாரணப் பண்ணை வீடாகி, கடந்த நூற்றாண்டின் நடுவில் பாழடைந்து கிடந்தது. மாவட்ட நிர்வாகம் அதை வாங்கிச் செப்பனிட்டு அருங்காட்சியகமாகத் திறந்தது. இப்போது 1620களில் ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு எப்படி இருந்திருக்குமோ அப்படி அறைகளை ஒழுங்கு செய்து காட்டுகிறார்கள்.

ஆக, ஒரே கூரையின் கீழ் இரண்டு காலங்கள் இருக்கின்றன. நீங்கள் பார்க்க வேண்டியது அவை சந்திக்கும் இடங்களை. உள்ளே போகும் முன் வெளியே நின்று ஜன்னல்களைப் பாருங்கள். கல் கம்புகளால் பிரிக்கப்பட்ட அகலமான ஜன்னல்கள் 17ஆம் நூற்றாண்டு வழக்கம். கண்ணாடி ஓரளவு கைக்கு எட்டும் விலைக்கு வந்த பிறகுதான் நடுத்தர வசதி உள்ளவர்கள் இப்படி வெளிச்சத்தை உள்ளே விட முடிந்தது. 13ஆம் நூற்றாண்டில் இதே சுவரில் ஜன்னல் என்றால் குறுகிய பிளவு. இரவில் மரக்கதவால் மூடுவார்கள். சுவரில் கற்களின் அடுக்கு எங்கே திடீரென்று மாறுகிறது, எங்கே ஒரு திறப்பை அடைத்த தடம் தெரிகிறது என்று பொறுமையாகத் தேடுங்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், அங்கே யாரோ ஒருவர் தன் வீட்டைத் தன் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

உள்ளே போனதும் தலையைத் தூக்குங்கள். பெரும்பாலான பார்வையாளர்கள் கட்டிலையும் பாத்திரங்களையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம் தரும் விஷயம். இவ்வகை வீடுகளில் உத்தரத்தோடு இன்னொரு மரம் சேரும் இடத்தில் விரல் தடிமனில் சிறு வட்டங்கள் தெரியும். அவை மர முளைகள். ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய கழுந்தை இன்னொன்றின் துளைக்குள் செருகி, குறுக்கே ஓட்டை போட்டு, ஓக் முளையை அடித்து இறுக்கியிருப்பார்கள். அன்றைய தச்சர்கள் ஓக் மரத்தை வெட்டிய ஈரத்தோடு பயன்படுத்தினார்கள், ஏனென்றால் காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது கடினம். கட்டி முடித்த பின் மரம் மெல்லக் காய்ந்து முறுகும், வளையும், மூட்டு மேலும் இறுகும். நீங்கள் பார்க்கும் கோணலும் நீளமான வெடிப்பும் பெரும்பாலும் அந்த முதல் சில ஆண்டுகளிலேயே வந்தவை. வீடு விழப்போகிறது என்று பயப்பட வேண்டாம். மரத்தின் ஓரத்தில் ரோம எண்களைப் போன்ற கீறல்கள் தெரிந்தால், அவை தச்சர் தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்த பின், மேலே ஏற்றும்போது எது எதோடு சேரும் என்று மறக்காமல் இருக்கப் போட்ட அடையாளம்.

"சுமார் 1290" என்ற தேதியை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மர வளையங்களைக் கொண்டுதான் இப்படிப்பட்ட தேதிகளைச் சொல்கிறோம். ஓக் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் வைக்கிறது. நல்ல மழை ஆண்டில் அகலமாக, வறண்ட ஆண்டில் குறுகலாக. ஒரு வட்டாரத்து மரங்களெல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசையில் அகலமும் குறுகலும் காட்டும் என்பதால், உத்தரத்தில் பென்சில் தடிமனுக்குத் துளையிட்டு எடுத்த மாதிரியை, ஏற்கெனவே ஆண்டு தெரிந்த வரிசையோடு பொருத்திப் பார்க்கலாம். மரப்பட்டை வரை மாதிரி கிடைத்தால் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம். ஆனால் தச்சர் பட்டையைச் செதுக்கிவிடுவார். அதன் உள்ளே இருக்கும் வெளிறு என்ற மென்பகுதியையும் பூச்சி தின்றிருக்கும். வைரம் என்ற கெட்டியான உட்பகுதி மட்டும் மிஞ்சினால், காணாமல் போன வளையங்கள் எத்தனை என்று ஒரு வரம்புக்குள்தான் கணிக்க முடியும். "சுமார்" என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது. ஐம்பது வளையங்களுக்கும் குறைவான மரமாக இருந்தால், பல நேரம் எந்தத் தேதியையும் சொல்ல முடியாது. அத்தகைய மாதிரிகளோடு நான் திரும்பிய நாள்கள் உண்டு.

நீங்கள் குறையாகச் சொன்ன இளங்காட்டுக்கும் இந்த வீட்டுக்கும் உள்ள உறவும் இங்கேதான் தொடங்குகிறது. பழைய வீட்டின் உத்தரங்கள் பல நூறு ஆண்டு வயதான மாபெரும் ஓக்குகளிலிருந்து வந்தவை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. தேவாலயம் போன்ற பெருங்கட்டடங்களுக்கு முதிர்ந்த மரம் வேண்டும். வீடுகளுக்கு இடைக்காலத் தச்சர் தேடியது வேறு. ஒரு மரத்துக்கு ஓர் உத்தரம் என்று, நாற்புறமும் செதுக்கினால் வேண்டிய தடிமன் வரும் இளம் ஓக்கைத்தான் தேடினார். ஐம்பது, அறுபது, எழுபது வயது மரங்கள். பெரிய மரத்தை வெட்டி, இழுத்து, அறுத்துப் பலகையாக்குவது வீண் உழைப்பு. ஒரு மேனரின் காட்டில் இப்படி இளம் ஓக்குகள் எப்போதும் வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். அவற்றுக்கிடையே ஹேசல் புதர்களை அடியோடு வெட்டி, மீண்டும் துளிர்க்க விட்டு, சில ஆண்டுக்கு ஒருமுறை விறகும் வேலிக்குச்சியும் எடுப்பார்கள். இந்தக் குறிப்பிட்ட வீட்டின் ஒவ்வொரு மரமும் எத்தனை வயதில் வெட்டப்பட்டது என்று நான் சொல்லவில்லை. இத்தகைய வீடுகளின் பொது வழக்கம் இது. இந்தக் கணக்கில் பார்த்தால், 1990களில் அந்த வட்டாரத்தில் நட்ட ஓக்குகள் இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகளில் ஓர் இடைக்காலத் தச்சர் நின்று தட்டிப் பார்க்கும் பருவத்துக்கு வந்துவிடும்.

அந்தக் காடுகள் எப்படி வந்தன என்று தெரிந்தால் நடப்பது இன்னும் சுவையாக இருக்கும். கோல்வில் நிலக்கரியால் உருவான ஊர், பெயரிலேயே கரி இருக்கிறது. 1820களில் தொடங்கிய நிலத்தடிச் சுரங்கத் தொழில் 1980களில் ஒவ்வொரு சுரங்கமாக மூடப்பட்டு, 1991இல் அந்தக் கரிவயலில் முற்றுப்பெற்றது. வேலையிழந்த குடும்பங்களும் தோண்டிப் போட்ட மண்மேடுகளும் மிஞ்சின. அந்த நிலையில்தான் லெஸ்டர்ஷயர், டெர்பிஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் ஏறத்தாழ 200 சதுர மைல் பரப்பைத் தேர்ந்து, அங்கே ஒரு தேசிய வனத்தை உருவாக்கத் தீர்மானித்தார்கள். கிழக்கே சார்ன்வுட், மேற்கே நீட்வுட் என்ற இரண்டு பழைய காட்டுப் பகுதிகளை அது இணைக்கிறது. தொடக்கத்தில் அந்தப் பரப்பில் சுமார் 6 சதவீதம்தான் மரம் இருந்தது. இப்போது 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நட்ட மரங்கள் 90 லட்சத்துக்கும் மேல். யாருடைய நிலத்தையும் பறித்துச் செய்யவில்லை. விவசாயிகளுக்கு மானியம் கொடுத்து, விரும்பியவர்களை நட வைத்தார்கள். அதனால்தான் அது ஒரே காடாக இல்லாமல், வயல், ஊர், தோப்பு, மீண்டும் வயல் என்று துண்டு துண்டாக இருக்கிறது. மேனர் வீட்டிலிருந்து சில மைல் தொலைவில், இப்ஸ்டாக் அருகே உள்ள சென்ஸ் பள்ளத்தாக்கு வனப்பூங்காவுக்கு அவசியம் போங்கள். அது திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கமாக இருந்த இடம். 1990களின் பிற்பகுதியில் மரம் நட்டார்கள். இன்று ஏரிகளும் நடைபாதைகளும் உள்ளன.

ஓர் இளங்காட்டில் பார்க்க நிறைய இருக்கிறது. மரங்கள் வரிசையாக நிற்கும். இரண்டு, மூன்று மீட்டர் இடைவெளியில் நட்டவை. நெருக்கமாக நடுவது ஒன்றோடொன்று போட்டியிட்டு நேராக உயரட்டும் என்பதற்காக. பதினைந்து, இருபது ஆண்டுகளில் கிளைகள் கூடி வெளிச்சம் மறைந்ததும், நாற்றங்காலைக் கலைப்பதுபோல இடையிடையே வெட்டிக் கலைத்துவிட வேண்டும். வழியில் வெட்டிய மரங்களை அடுக்கி வைத்திருந்தால் கோபப்படாதீர்கள், அது அழிப்பு வேலை இல்லை. அந்தக் கலைப்பு நடக்காத காட்டின் தரையில் ஒரு புல்கூட இருக்காது. ஒரு மரத்தின் அடியில் குனிந்து பாருங்கள். வெளிறிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று வெடித்து, பாதி மண்ணில் புதைந்து, பாதி மரப்பட்டைக்குள் இறங்கி நிற்கும். முயலும் மானும் குருத்தைக் கடிக்காமல் இருக்க நட்ட நாளில் மாட்டிய உறை அது. மரம் பருத்ததும் கழற்றியிருக்க வேண்டும். லட்சக்கணக்கில் நட்டவர்களுக்குத் திரும்பி வந்து கழற்ற ஆள் இல்லாமல் போகிறது. இளங்காடுகளின் பெரிய குறை இதுதான் என்பது என் எண்ணம்.

சில மரங்களின் உச்சி மொட்டையாகவும், கிளைகளின் அடியில் மட்டும் இலைக்கொத்துகளாகவும் தெரியும். அவை ஆஷ் மரங்கள். 2012இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் அவற்றை வரிசை வரிசையாகக் கொன்றுகொண்டிருக்கிறது. 1990களில் நட்டபோது ஆஷ் நம்பகமான மரமாக இருந்தது, நிறைய நட்டார்கள். எத்தனை பிழைக்கும் என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. நோயைத் தாங்கும் மரங்கள் சில இருக்கின்றன என்பது மட்டும் தெளிவு. காற்றடிக்கும் நாளில் காய்ந்த ஆஷ் மரங்களின் கீழ் நிற்க வேண்டாம்.

நீலக் கம்பளம்போல் பூத்த புளூபெல் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தால், இரண்டு காரணங்களால் அது கிடைக்காது. அது ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பூப்பது. மேலும் அது பழங்காட்டுச் செடி, மிக மெல்லப் பரவும். இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து காடாகவே இருக்கும் இடத்தைத்தான் பழங்காடு என்று அதிகாரபூர்வமாகக் கணக்கிடுகிறார்கள். உரமிட்ட வயலில் நட்ட காட்டில் முதலில் வருவது காஞ்சொறியும் உயர்ந்த புல்லும்தான். மண்ணில் தங்கிய சத்து அப்படிச் செய்கிறது. சுரங்க மண்ணில் நிலைமை வேறு. கனரக வாகனங்கள் ஏறி இறுகிய மண் அது. அங்கே தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் ஆல்டர் மரமும், எதையும் தாங்கும் பர்ச் மரமும்தான் முதலில் தேறும். இந்தக் காட்டின் தரை எப்போது பழங்காட்டின் தரையைப் போல ஆகும் என்று கேட்டால், நானறிந்த வனவியலாளர்கள் யாரும் ஒரே பதில் சொல்வதில்லை. நூற்றாண்டுகள் ஆகும் என்பதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்.

தோட்டத்துக்கு வருவோம். வீட்டுத் தோட்டம் 17ஆம் நூற்றாண்டு முறையில் புதிதாக அமைத்தது என்று நீங்கள் சொன்னது சரி. உயிருள்ள தோட்டம் நானூறு ஆண்டு மாறாமல் இருக்க முடியாது. அக்காலத்தில் லண்டனில் அச்சான மூலிகை நூல்களும் தோட்டக்கலை நூல்களும் இருப்பதால், எந்தச் செடிகள் அன்று இருந்தன என்பது நன்றாகத் தெரியும். இந்த வீட்டின் முற்றத்தில் எந்தப் பாத்தி எங்கே இருந்தது என்பது ஊகம். ஆகவே செடிகளை நம்புங்கள். அமைப்பை ஒரு நல்ல கற்பனையாக எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட தோட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே எது இல்லை என்றும் பாருங்கள். தக்காளியும் உருளைக்கிழங்கும் சாதாரண மக்களின் உணவாகாத காலம் அது. மருந்து, சமையல், துணிக்குச் சாயம், பூச்சி விரட்டல் என்று ஒவ்வொரு செடிக்கும் ஒரு வேலை இருந்தது. அழகுக்கு மட்டும் வைத்தவை குறைவு.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே அவற்றைத்தான் அதிகம் கேட்பீர்கள். மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் 1485 ஆகஸ்டில் பாஸ்வர்த் போருக்குப் போகும் முன் லெஸ்டர் விடுதியில் படுத்த கட்டில் என்று ஒரு கட்டிலைப் பற்றிய கதை இந்த வீட்டோடு சேர்ந்து வருகிறது. மன்னர் போரில் இறந்ததும், 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் அவர் எலும்புகள் கிடைத்ததும், 2015இல் அங்குள்ள பேராலயத்தில் அடக்கம் செய்ததும் உண்மை. கட்டிலின் செதுக்கு வேலை அவர் காலத்துக்குப் பிற்பட்ட பாணி. அடியில் ஏதாவது பழைய பலகை இருக்கலாம் என்பதற்கு மேல் போக எனக்குத் துணிவில்லை. இதுபோன்ற வீடுகளின் அடுப்பங்கரை உத்தரங்களில் கண்ணீர்த்துளி வடிவத்தில் கருகிய தடங்களைக் காட்டி, "பேய் பிசாசை விரட்டச் சுட்டது" என்பார்கள். அவை தவறுதலாக மெழுகுவத்தி பட்டு வந்தவை அல்ல, வேண்டுமென்றே சுட்டவை என்பதைச் சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள். எதற்காகச் சுட்டார்கள் என்பதை அன்றைக்கு யாரும் எழுதிவைக்கவில்லை.

முதிர்ந்த மரங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றால், லெஸ்டருக்கும் கோல்வில்லுக்கும் இடையே உள்ள பிராட்கேட் பூங்காவுக்கு இன்னொரு நாள் போங்கள். ஒன்பது நாள் அரசியாக இருந்த லேடி ஜேன் கிரே குடும்பத்தின் செங்கல் மாளிகை அங்கே இடிபாடாக நிற்கிறது. சுற்றிலும் மான்களும் கிழட்டு ஓக்குகளும். 1554இல் அவர் தலை வெட்டப்பட்டபோது துக்கத்தில் இந்த மரங்களின் தலையையும் வெட்டினார்கள் என்று சொல்வார்கள். மான் எட்டாத உயரத்தில் வெட்டி மீண்டும் துளிர்க்க விடுவது அந்தக் காலத்தில் பல பூங்காக்களிலும் வழக்கமாக நடந்த வேலை. கதைக்கு அதைவிடப் பலமான ஆதாரம் கிடையாது. டெர்பிஷயர் பக்கம் உள்ள கால்க் அபியும் அதே தேசிய வனத்துக்குள் வருகிறது. 1700களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை, பூங்காவில் மிகப் பழைய ஓக்குகள். நாள் முழுவதும் வேண்டும்.

போவதற்குச் சில நடைமுறைச் செய்திகள். கோல்வில்லுக்குப் பயணிகள் ரயில் 1960களிலேயே நின்றுவிட்டது. லெஸ்டரிலிருந்து பஸ்ஸில் போய், அங்கிருந்து நடக்கவோ டாக்சி பிடிக்கவோ வேண்டும். வீடு எல்லா நாள்களிலும் திறந்திருக்காது, நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மகளிடம் சொல்லி முந்தின நாளே பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீட்டு மாடிப்படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி இருந்தால் கீழ்த்தளமும் தோட்டமும் போதும், அவையே நிறைவாக இருக்கும். காட்டுக்கு முழுக்கால் சட்டையும் உறுதியான ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். காஞ்சொறி ஜூனில் இடுப்பளவு நிற்கும், உண்ணியும் இருக்கும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் உண்டு என்பதால் காலையில் வீடு, மதியம் சாப்பாடு, மாலையில் சென்ஸ் பள்ளத்தாக்கு என்று வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது. வீட்டுக்குள் வழிகாட்டி யாராவது இருந்தால், 1290ஐச் சேர்ந்த மரம் எது, 1618ஐச் சேர்ந்தது எது, செப்பனிட்டபோது புதிதாக வைத்தது எது என்று கேளுங்கள். எந்த அறையிலும் இந்த மூன்றையும் பிரித்துக் காட்டச் சொல்லலாம். அந்தக் கேள்வியைக் கேட்கும் பார்வையாளர் கிடைத்தால் அவர்கள் மனம் திறந்து நிறையச் சொல்வார்கள்.